அயுதார் செய்த உதவி

ஸ்பெயின் தேசத்தை ஒரே ஒரு வினைச்சொல்லால் பிடித்துவிடுவது என்று போன ஆடி மாதம் நான் முடிவு செய்தேன்.

இதைப் பேராசை என்று நினைக்கிறவர்களுக்கு என் ஆங்கிலத்தைப் பற்றித் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த நாளிலிருந்து ‘அட்ஜஸ்ட்’ என்ற ஒரே வார்த்தையை வைத்துக் காலம் தள்ளிவிட்டேன். மெஷின் முரண்டு பிடித்தால் அட்ஜஸ்ட். ஷிப்ட் மாற வேண்டுமென்றால் அட்ஜஸ்ட். சம்பளம் உயர்த்தச் சொன்னால் மேனேஜரே அதை என்னிடம் திருப்பிச் சொல்வார். இங்கிலீஷ்காரனை ஒரு வார்த்தையில் முடித்தவனுக்கு ஸ்பெயின்காரன் எம்மாத்திரம்?

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனிக்குத் தாய்வீடு ஸ்பெயின். அங்கே புது லைன் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதே லைன் அடுத்த வருஷம் இங்கேயும் வருகிறது. அதைப் பழகிக்கொள்ள இங்கிருந்து ஒரே ஒரு ஆளை நான்கு மாதம் அனுப்பப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். போய் வருகிறவன்தான் புது லைனுக்கு சூப்பர்வைசர். நிபந்தனை ஒன்றுதான். கொஞ்சமாவது ஸ்பானிஷ் பேச வேண்டும். கற்றுக்கொடுக்க இனெஸ் என்று ஒரு அம்மாளை அங்கிருந்தே வரவழைத்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு.

முதல் வகுப்புக்கு உட்கார இடமில்லை. காரணம், வடை. இரண்டாம் வாரம் வடையை நிறுத்தினார்கள். மூன்றாம் வாரம் ஸ்பானிஷ் மேல் உண்மையான காதல் கொண்டவர்கள் மட்டும் மிஞ்சினோம். நானும் குணாவும்.

குணா எனக்குத் தெருக்காரன். மூன்று வீடு தள்ளி இருக்கிறான். ஊத்துக்கோட்டைப் பக்கம் அப்பாவுக்கு நெல்வயல் இருந்தும் இங்கே வந்து வெல்டிங் அடிக்கிறவன். போனில் ஏதோ ஆப் இறக்கிவைத்துக்கொண்டு வினைச்சொற்களை நெட்டுருப் போட்டான். பல் தேய்க்கும்போது ஒன்று. கம்பெனி பஸ்ஸில் ஒன்று. “இருநூறு தாண்டிச்சு பென்னிண்ணா” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னான். பாவம். பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினாலும் ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்பது அவனுக்குப் புரியவில்லை. நான் ஓட்டுகிறவரையே பிடிக்க நினைத்தேன். உங்கள் ஊரில் காலையிலிருந்து ராத்திரிவரை அதிகமாகக் காதில் விழுகிற வினைச்சொல் எது என்று இனெஸ் அம்மாளிடம் நேராகவே கேட்டேன். கேட்டது தமிழில். பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் பார்த்திபன் சார் அதை இங்கிலீஷில் கேட்டார்.

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அயுதார்” என்றார்.

உதவுவது என்று அர்த்தம். ஆயுத பூஜையில் பாதி. மறக்கவே முடியாது.

அதை அங்கே எப்படியெல்லாம் புழங்குவார்கள் என்று அவர் விளக்கியதைக் கேட்டு அசந்துபோனேன். கடைக்குள் நுழைந்தால் கடைக்காரப் பெண் ‘லே அயுதோ?’ என்பாளாம். நான் உங்களுக்கு உதவட்டுமா? நம்மூரில் ‘இன்னா வேணும்?’ என்று அதட்டுகிற இடத்தில் அவர்கள் இப்படி. யாராவது பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறினால், பின்னால் வருகிறவன் ‘தே அயுதோ’ என்று மறுபக்கத்துக் கைப்பிடியைத் தூக்குவானாம். கிணற்றில் விழுந்தவன் கத்துவதும் ‘அயூதாமே’. ஊறுகாய் ஜாடி மூடி திறக்காதவள் கூப்பிடுவதும் ‘அயூதாமே’. எனக்கு உதவு. இவ்வளவுக்கும் ஒரே சொல். சிக்கனமான தேசம்.

ஃபேக்டரியிலும் அதே சொல்தான். எங்கள் லைனைப் போலவே அங்கேயும் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஸ்டேஷன். ஒருவனுக்கு வேலை பிந்திப்போனால் சுவிட்சைத் தட்டுவான். தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரியும். பக்கத்து ஸ்டேஷன்காரன் வந்து கைகொடுத்துவிட்டு, வேலை சமமானதும் தன் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவான். அப்படி வந்து போவதற்குப் பெயர் அயுதார்.

அடுத்த வகுப்பில் அந்தச் சொல்லை வைத்து, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். குணா எழுந்தான். கைவசம் இருந்த வினைச்சொற்களையெல்லாம் ஒரே வாக்கியத்தில் ஏற்றினான். வாக்கியம் அச்சு முறிந்து நடுவழியில் நின்றது. நான் எழுந்தேன்.

“யோ அயுதோ அ மி முஹேர் என் லா கொசினா. தோதோஸ் லோஸ் தியாஸ்.”

சமையலறையில் நான் என் மனைவிக்கு உதவுகிறேன். தினமும்.

வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே இலக்கணச் சுத்தமானது அது. பொய்களிலேயே கலப்படமில்லாததும் அதுதான். எங்கள் வீட்டுச் சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்பது எனக்கு வாசனையை வைத்துத்தான் தெரியும். குணாவுக்கு இருமல் வந்துவிட்டது. இனெஸ் அம்மாள் மட்டும் புருவத்தை உயர்த்தி, என்னென்ன உதவி என்று விசாரித்தார். நான் சைகையிலேயே வெங்காயம் நறுக்கினேன், பாத்திரம் கழுவினேன், துணி பிழிந்து காயப்போட்டேன். கேன்டீனில் சாம்பார் கலக்கிக்கொண்டிருந்த மாஸ்டரே நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வகுப்பு முடிந்ததும் பார்த்திபன் சார் வந்து, இரண்டு பேர் வீட்டுக்கும் மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறார் என்றார். கம்பெனியில் அது ஒரு வழக்கம். முன்பு ஒருத்தனை வெளிநாட்டுக்கு அனுப்பி, இங்கே அவன் வீடு அல்லோலகல்லோலப்பட்டு, பாதியில் ஓடிவந்துவிட்டான். அதிலிருந்து வீட்டையும் பார்த்து, வீட்டுக்காரியிடமும் நான்கு வார்த்தை பேசிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

“உன் வீட்டுக்கு வர்றதுலதான் மேடத்துக்கு ரொம்ப ஆர்வம்” என்றார். “சமைக்கிற புருஷனைப் பாக்கணுமாம்.”

என் மனைவி கிறிஸ்டினாவைப் பற்றி ஒரு வார்த்தை. கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கிறவள். எனக்கு முன்னால் எழுந்து, எனக்குப் பின்னால் படுக்கிறவள். இவையெல்லாம் எனக்குத் தொந்தரவாக இருந்ததில்லை. அவளிடம் இருக்கிற ஒரே குறை, பொய் சொல்லமாட்டாள். சர்ச்சில் திருவிருந்து எடுக்கிற வாயால் பொய் சொல்லக்கூடாதாம். ஒருமுறை ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் எங்கள் மகள் ஸ்நேகாவுக்குப் பத்து வயது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “போன மாசத்தோட பன்னெண்டு முடிஞ்சிடுச்சு சார்” என்று பர்ஸைத் திறந்தவள். அப்படிப்பட்டவளிடம் போய் இந்த விவகாரத்தைச் சொல்லவேண்டியதாயிற்று.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அந்தம்மாகிட்ட இன்னா சொன்னே?”

“சமையல்ல ஒத்தாசை பண்றேன்னு.”

“யாரு?”

“நான்தான்.”

“எந்த ஊட்ல?”

நான் பேச்சை ஸ்பெயினுக்குத் திருப்பினேன். சூப்பர்வைசர் பதவி, ஸ்நேகாவின் படிப்பு என்று எடுத்துச் சொன்னேன். அந்தம்மா வந்து கேட்கும்போது ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதையும் வாயால் சொல்லத் தேவையில்லை, தலையை ஆட்டினால்கூடப் போதும் என்று கெஞ்சினேன். தலையால் சொன்னாலும் பொய் பொய்தான் என்றாள்.

“அப்போ நான் போவறதக் கெடுக்கப் போறியா?”

“நான் ஏன்யா கெடுக்கிறேன்? அதுக்கு ஒரு வழி இருக்குது.”

“இன்னா வழி?”

“நீ நெசமாவே செஞ்சுடு. நானும் நெசத்தையே சொல்லிடுறேன்.”

யோசித்துப் பார்த்தேன். இனெஸ் அம்மாள் வருவதற்குச் சில வாரங்கள் இருந்தன. சில வாரங்கள் பாத்திரம் கழுவினால் நான்கு மாதம் ஸ்பெயின், பிறகு ஆயுள் முழுக்க சூப்பர்வைசர். நஷ்டமில்லாத வியாபாரம். சரி என்றேன்.

பிறகு அவள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. கடைக்காரப் பெண், படிக்கட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் மஞ்சள் விளக்கையும் ஸ்டேஷனையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். அவள் கவனமாகக் கேட்டால் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

“அப்போ, ஒதவிக்கு வர்றவனுக்குச் சொந்தமா ஒரு ஸ்டேஷன் இருக்குது. அத முடிச்சுட்டுத்தான் அடுத்தவன் ஸ்டேஷனுக்கு வர்றான்.”

“கரெக்டு.”

“இந்த ஊட்ல உன் ஸ்டேஷன் எது?”

சுற்றிலும் பார்த்தேன். டிவிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் எனக்கு ஸ்டேஷன் ஒதுக்கப்பட்டது. ஒன்றல்ல. பாத்திரம் கழுவும் தொட்டி, துணி, தண்ணீர் கேன், ஸ்நேகாவின் டிபன் பாக்ஸ். இவை உதவி அல்ல, சொந்த வேலை. உதவி என்பது இவற்றுக்கு மேலே. அதற்காகச் சமையலறைக் கதவில் ஒரு மஞ்சள் துண்டு போடப்படும். துண்டைக் கண்டால் எங்கிருந்தாலும் எழுந்து வரவேண்டும். தலைமுறை தலைமுறையாக எவனும் எட்டிப் பார்க்காத எங்கள் குடும்பத்துச் சமையலறையில், ஸ்பெயின்காரன் சட்டம் அமலுக்கு வந்தது.

முதல் வாரத்தில் நான் அழாத நாளில்லை. வெங்காயம். இரண்டு தட்டும் என் ஒரு விரலும் சேதம். குக்கர் விசில் எண்ணுவதில் தகராறு. ஏ ஷிப்டாக இருந்தால் விடியுமுன்னே எழுந்து ஸ்நேகாவுக்கு எலுமிச்சை சாதம் கிளற வேண்டும். ‘நேத்தும் இதானே நைனா’ என்று அவள் மூடியைச் சாத்துவாள். இவள் அம்மா சமைத்தபோது இந்தக் கேள்விகளை ஒருநாளும் கேட்டவளில்லை.

துணி காயப்போடுவது இன்னும் மோசம். எங்கள் மொட்டைமாடி தெரு முழுக்கத் தெரியும். எதிர்வீட்டு மணியம்மாள், வேடிக்கை பார்ப்பதைத் தொழிலாகவே வைத்துக்கொண்டிருக்கிறவள். கீழே நின்றுகொண்டே விசாரித்தாள்.

“இன்னா பென்னி, உன் பொண்டாட்டி ஊர்ல இல்லியா?”

“இருக்குறா.”

“ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் இருக்குறா. நான் ஸ்பெயினுக்குப் போவப்போறேன்.”

மணியம்மாள் கொடியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

“அதுக்கு அவ நைட்டிய ஏன் நீ பிழியுறே?”

பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு வினைச்சொல். அது அவளுக்குப் புரியாது.

ஆனால் மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான். அதுவும் லைனில் வேலை செய்கிறவன் கையில் ஒரு ஸ்டேஷனைக் கொடுத்தால் அதைச் சீர்திருத்தாமல் விடமாட்டான். அடிப்பிடித்த பாத்திரத்தை முதலில் ஊறப்போட வேண்டும், டம்ளரைக் கழுவிவிட்டுத்தான் எண்ணெய்ச் சட்டியைத் தொட வேண்டும் என்பதையெல்லாம் நானாகவே கண்டுபிடித்தேன். அளவு வாரியாகப் பாத்திரம் அடுக்கினேன். சாப்பிட்ட தட்டைக் காயவிட்டதற்காக ஸ்நேகாவைத் திட்டினேன். திட்டிய பிறகுதான், அந்த வசனம் யாருடையது என்று ஞாபகம் வந்தது. ஒரு கட்டத்தில் மஞ்சள் துண்டு விழுவதற்கு முன்பே நான் கதவருகே நின்றேன்.

கிறிஸ்டினா இந்தக் காலத்தில் என்ன செய்தாள் என்றால், உட்கார்ந்தாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நான் கழுவ, அவள் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னை ஸ்பானிஷ் ஒப்பிக்கச் சொல்வாள். ‘நான் உதவுகிறேன்’, ‘அவர் எனக்கு உதவுகிறார்’ எல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாக வந்தது. ஸ்நேகா பிறந்ததிலிருந்து போகாமல் விட்டிருந்த சர்ச் பாட்டுக்குழுவுக்கு மறுபடியும் போக ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்புவாள். நான் வாசலில் கையில் தேங்காய் நாருடன் நின்று வழியனுப்புவேன். அவள் சந்தோஷமாக இருப்பது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. சந்தோஷமாக இருக்கிற பெண்டாட்டி, வருகிற விருந்தாளியிடம் புருஷனை விட்டுக்கொடுக்கமாட்டாள் அல்லவா?

இதற்குள் எங்கள் சர்ச் போதகர் ஐயர், சகோதரர் பென்னியின் ஸ்பெயின் பயணத்துக்காக என்று ஒரு ஜெபமே ஏறெடுத்துவிட்டார். நான் பெட்டி வாங்கிவிட்டேன். தெருவில் இரண்டு பேர் ஸ்பெயினிலிருந்து சென்ட் பாட்டில் கேட்டிருந்தார்கள். குணா மட்டும் மாறவேயில்லை. அவன் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு வினைச்சொல் முணுமுணுத்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி இளமதி அவன் காலைத் தாண்டித் தாண்டிப் பெருக்குவாள். இந்தக் காட்சியை இனெஸ் அம்மாள் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே எனக்கு விமானத்தில் ஜன்னலோர இருக்கை கண்ணில் தெரிந்தது.

அந்த ஞாயிறு வந்தது. காலை ஆராதனை முடிந்து வந்ததும் பழவேற்காட்டு இறாலுடன் உட்கார்ந்தேன். ஓடு உரித்து, முதுகைக் கீறி, நரம்பெடுத்து, மஞ்சள் போட்டுக் கழுவினேன். இனெஸ் அம்மாளும் பார்த்திபன் சாரும் உள்ளே நுழைந்தபோது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க, இறாலைச் சட்டியில் பிரட்டிக்கொண்டிருந்தேன். நடிப்பு துளியும் இல்லை. அந்த அம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அப்போது பார்த்துக் கிறிஸ்டினா மஞ்சள் துண்டைக் கதவில் போட்டாள். நான் சொல்லாமலே தேங்காய்ப்பால் பாத்திரத்தை எடுத்து நீட்டினேன். துண்டுக்கு அர்த்தம் என்ன என்று பார்த்திபன் சார் கேட்டுச் சொன்னதும், எங்கள் லைன் விளக்கு வீட்டுக்கே வந்துவிட்டதா என்று இனெஸ் அம்மாள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்தது. இறாலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கிறிஸ்டினாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, ஸ்பானிஷிலேயே, இவர் உதவுகிறாரா என்று கேட்டார்.

“சீ. மி மரிதோ மே அயுதா” என்றாள் கிறிஸ்டினா. ஆமாம், என் வீட்டுக்காரர் எனக்கு உதவுகிறார். கொஞ்சம் நிறுத்தி, “மூச்சோ” என்றாள்.

மூச்சோ என்றால் ரொம்ப. எனக்கும் ஒரு கணம் மூச்சு நின்றுவிட்டது. என் பெண்டாட்டி எனக்காக ஸ்பானிஷில் சாட்சி சொல்கிறாள். அதுவும் பொய்யில்லாத சாட்சி.

இனெஸ் அம்மாள் சிரித்துக்கொண்டே பார்த்திபன் சாரிடம் ஏதோ சொன்னார். தங்கள் ஊரில் எங்கே வேண்டுமானாலும் ‘அயுதார்’ சொல்லலாமாம், வீட்டுக்குள் மட்டும் புருஷன் அந்தச் சொல்லை ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டுமாம். ‘நான் வீட்டில் உதவுகிறேன்’ என்று பெருமை பேசினால், ‘அப்படியானால் அது யார் வீடு?’ என்று பெண்கள் மடக்குவார்களாம். வகுப்பில் நான் எழுந்து சொன்னபோதே அதைக் கேட்க அவருக்கு வாய் துறுதுறுத்ததாம்.

“மொத நாளே அத நான் கேட்டுட்டேன்னு சொல்லுங்க சார்” என்றாள் கிறிஸ்டினா.

இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பார்த்திபன் சார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சம்பிரதாயத்துக்கு ஒரு கடைசிக் கேள்வி என்றார்.

“நாலு மாசம் பென்னி இல்லன்னா வீடு எப்படிம்மா?”

இந்தக் கேள்விக்கு நான் தயாரே ஆகவில்லை. தயாராக வேண்டிய கேள்வியாகவே எனக்குத் தோன்றவில்லை. கிறிஸ்டினா பளபளவென்று அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். கட்டிலில் மடித்து வைத்திருந்த துணிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது. அதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“ஓடாது சார்” என்றாள். “ஒளிச்சுப் பேச எனக்கு வராது. பாத்திரம் அவரு, துணி அவரு, தண்ணி அவரு, பொண்ணுக்கு டிபன் கட்டுறதும் அவரு. அவரு இல்லாம இந்த ஊடு ஒரு நாளு ஓடாது.”

நான் அவள் காலைத் தேடி மிதித்தேன். பார்த்திபன் சார் காலை நகர்த்திக்கொண்டார். “அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்” என்றேன். பதினைந்து வருஷம் எனக்குச் சோறு போட்ட வார்த்தை, அன்றைக்கு வேலை செய்யவில்லை. பார்த்திபன் சார் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, இனெஸ் அம்மாளின் கண் கலங்கியது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையில் இறால் வாசனை போகவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

அங்கிருந்து நேராகக் குணா வீட்டுக்குப் போனார்கள். அங்கே நடந்ததைப் பிற்பாடு பார்த்திபன் சார் சொன்னார். குணா சோபாவில்தான் இருந்தான். விருந்தாளிக்குத் தண்ணீர் எடுக்கப் போய், டம்ளர் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தான். இவர் நான்கு மாதம் இல்லாவிட்டால் எப்படி என்று கேட்டதற்கு, இளமதிக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டதும் சொன்னாளாம்: “இவரு இருந்தாலும் எல்லாம் நான்தான் சார். போனா ஒரு தட்டு கம்மி.”

திங்கட்கிழமை மத்தியானமே முடிவு வந்துவிட்டது. குணா.

பார்த்திபன் சார் என்னைத் தனியே கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். மேடத்துக்கு உன் மேல் அவ்வளவு மரியாதை, இப்படிப்பட்ட ஒரு ஆளைக் குடும்பத்திலிருந்து பிரிக்க மனசு வரவில்லையாம், ஸ்பானிஷிலும் நீதான் தேவலையாம், குணா பேசுவது ஒன்றுமே புரியவில்லையாம் என்றார். இவ்வளவு புகழ்ச்சியை நான் ஒரே நாளில் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தள்ளும்போது அங்கே தூசி இருந்தது தெரிந்தது. கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது. அதை அடக்கிக்கொண்டு நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

“ஏன் அப்படிச் சொன்னே?” என்றேன்.

“எதுல பொய் இருக்குது, நீயே சொல்லு.”

தேடினேன். பாத்திரம், துணி, தண்ணீர், டிபன் பாக்ஸ். ஒன்றில்கூட இல்லை.

“நான் போவக்கூடாதுன்னு மொதல்லியே முடிவு பண்ணிட்டியா?”

“சீச்சீ. நீ போவணும்னுதான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன். நாலு மாசம் ஊடு நிம்மதியா இருக்கும்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் நீ பாத்திரம் கழுவ ஆரம்பிச்சே.” கொஞ்சம் வெட்கத்தோடு சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “ஜெபத்த மாத்திக்கினேன்.”

ஆண்டவரே அவள் பக்கம் என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது? ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஸ்பெயின் போயிற்று, இனி ஸ்பெயின்காரன் சட்டமும் போயிற்று என்று அறிவித்தேன். ஸ்டேஷன் எல்லாவற்றையும் ராஜினாமா செய்தேன். அவள் பாத்திரங்களைக் கழுவப் போனாள். எண்ணெய்ச் சட்டியை முதலில் தொட்டாள். அதன் பிறகு டம்ளர். என் கண்ணெதிரே, அதே நாரில். வேண்டுமென்றே செய்தாளா, பழக்கத்தில் செய்தாளா என்று இன்றுவரை தெரியாது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நகரச் சொல்லிவிட்டு நானே கழுவினேன்.

குணா போய்விட்டான். விமான நிலையத்தில் மாலையோடு, ஸ்பெயினில் கோட்டோடு, புது மெஷின் பக்கத்தில் தொப்பியோடு என்று தினமும் ஒரு போட்டோ தெரு முழுக்கச் சுற்றியது. அவன் போன அடுத்த ஞாயிறு, இளமதி எங்கள் வீட்டு வாசலில் வந்து தயங்கி நின்றாள். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது, தனியாகச் சிலிண்டரைத் தூக்கி மாட்ட முடியவில்லை, யாரையாவது கூப்பிட வேண்டும், ஒரே பேஜாராக இருக்கிறது என்றாள். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

கிறிஸ்டினா எழுந்து வாசலுக்குப் போனாள். ஸ்பெயின் தேசத்துக் கடைக்காரியைப் போல் மலர்ந்த முகத்துடன் கேட்டாள்.

“லே அயுதோ?”

உதவுகிறேன் என்று சொன்னது அவள். போனது நான். புருஷன் ஊரில் இல்லாத பெண்ணை அப்படியே விட்டால் அது என்ன கிறிஸ்தவ அன்பு என்று கேட்டாள்.

இப்போது குணா ஸ்பெயினில் சூப்பர்வைசர் வேலை பழகிக்கொண்டிருக்கிறான். நான் அவன் வீட்டு மொட்டைமாடியில் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே இரண்டு பெண்களும் டீ குடிக்கிற சத்தம் கேட்கிறது. நாலு மாதம் என்பதை ஒரு வருஷமாக நீட்டச் சொல்லி அந்த மேடத்திடம் கேட்கலாமா அக்கா என்கிறாள் இளமதி.